பார்த்தால் எவ்வளவு இருக்கும்

போன ஐப்பசியில் படூரில் இருக்கும் என் மகன் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். தோளில் பை, கழுத்தில் கம்பெனி அட்டை, தலையில் மழைத் தொப்பி. மகன் புதிதாக எடுக்கப்போகும் ஆயுள் காப்பீட்டுக்காக அவனுக்கு எடை பார்க்க, இரத்தம் எடுக்க, கேள்வி கேட்டுக் குறிக்க வந்தவள். நான் அந்த வேலையில் முப்பத்தொரு வருஷம் இருந்தவள். கை வேலையைப் போட்டுவிட்டு வந்து சுவரோரம் நின்றுகொண்டேன். அப்படி நின்றுதான் எனக்குப் பழக்கம்.

"அம்மா உயிரோட இருக்காங்களா சார்?" என்று அவனைக் கேட்டாள். அவனுக்குப் பின்னால் நாலடியில் நான் நிற்கிறேன். மகன் திரும்பி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "இருக்காங்க" என்றான். குறித்துக்கொண்டாள். நான் சாகாமல் இருப்பது அவன் காப்பீட்டுக்குக் கட்டவேண்டிய விலையைக் கொஞ்சம் குறைக்கும். அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவனுக்குத்தான் தெரியாது.

பிறகு கைபேசியை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அரை நிமிஷம் அசையக்கூடாதாம். என் மகன் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வண்டிகள் நிறுத்தும் வெளியில் வேலை பார்க்கிறான். காலை முதல் மாலை வரை வெயில். வயசு முப்பத்தெட்டு. கைபேசி நாற்பத்தாறு என்று காட்டியது.

"இன்னாம்மா இது? ஆதார்ல முப்பத்தெட்டுன்னு கீதே" என்றான்.

"ஆதார் வயசு வேற சார். இது முகத்தோட வயசு. நாங்க யாரும் சொல்றதில்ல, அதுவா சொல்லுது."

அவனைப் பிடிக்கும் முன்னால் அந்தக் கைபேசி பின்னால் நின்ற என் முகத்தையும் ஒருமுறை பிடித்திருந்தது. எனக்கும் ஒரு எண் காட்டியது. அவள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். அந்த எண்ணைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது சொன்னால் யாருக்கும் விளங்காது.

பையைக் கட்டும்போது என் வேலையைப் பற்றிக் கேட்டாள். கொஞ்சம் சொன்னேன். எழுதி வையுங்கள் ஆயா, எங்களுக்கெல்லாம் படிக்கக் கிடைக்கும் என்றாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி எழுத ஒரு மழைக்காலம் முழுக்க ஆகிவிட்டது. ஆகட்டும். எனக்கு எதிலும் அவசரம் கிடையாது.

செங்கல்பட்டு ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது நான் வேலை பார்த்த டாக்டரம்மாவின் மருத்துவமனை. முன்னறை, உள்ளறை, ஒரு நடைவழி, அவ்வளவுதான். வாரத்தில் இரண்டு நாள் காப்பீட்டுக் கம்பெனிகள் அனுப்புகிற பெண்களை மட்டும் பார்ப்பார். முதல் ஆறு மாதம் நான் தரை துடைத்தேன். பிறகு ஒருநாள் அளவு நாடாவை என் கையில் கொடுத்து, "கன்னியம்மா, இனிமே இது உங்க பொறுப்பு" என்றார். அந்த நாடாவை நான் பொய் சொல்ல விட்டதில்லை. இதைப் பெருமையாகவே எழுதுகிறேன்.

முறை என்று ஒன்று உண்டு. செருப்பு வெளியே. எடைக் கருவியின் கால் வைக்கும் இடம் பழைய மரப்பலகை. அதன் நடுவில் இரண்டு பாதமும் சேர்ந்து நிற்கவேண்டும். முள்ளைப் பார்க்கக் கூடாது, எதிரே இருக்கும் காலண்டரைப் பார்க்கவேண்டும். முள்ளைப் பார்த்தால் பெண்கள் மூச்சை இழுத்துக்கொள்வார்கள், ஏதோ அதில் எடை குறையப்போகிறது என்பதுபோல. இடுப்புக்கு நாடா போடும்போது மூச்சை முழுதாக வெளியே விடச் சொல்வேன். விட்டு முடித்து, அடுத்த மூச்சு இன்னும் எடுக்காத நேரம் ஒன்று இருக்கிறது. அளவு அப்போதுதான் சரியாக வரும். அந்த நேரத்தில் என் கைக்குள் இருக்கும் உடம்பு சுத்தமாக அசையாது. எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த ஒரு நொடி எனக்குப் பழகவே இல்லை.

பிறகு அடையாளம். அழியாத மச்சம் இரண்டு பார்த்துச் சொல்லவேண்டும். எதுக்குக்கா என்று கேட்பார்கள். காயிதத்துக்கு என்பேன். வேறு எதற்கு என்று எனக்குத் தெரியும். ஒருநாள் அவர்களே பேச முடியாமல் கிடந்தால், இது இன்னார்தான் என்று வேறொருவர் சொல்லவேண்டி வரும். அதற்கு.

டாக்டரம்மா யாரையும் அதட்டியதில்லை. பாத்திரம் தேய்க்கிற பெண் வந்தாலும் "நீங்க" என்றுதான் பேசுவார். ஆனால் நிமிர்ந்து பார்க்கமாட்டார். இரத்த அழுத்தம் பார்க்கும்போது கருவியைப் பார்ப்பார், கேள்வி கேட்கும்போது தாளைப் பார்ப்பார். வந்தவர் முகம் அவருக்குத் தேவைப்படவில்லை. எல்லாம் முடிந்து அந்தப் பெண் திரைக்குப் பின்னால் புடவை சரிசெய்யும்போது, கடைசித் தாளை எடுப்பார். அந்தத் தாளைப் பரிசோதனைக்கு வந்தவர் பார்க்கக் கூடாது. உறையில் ஒட்டி நேராகக் கம்பெனிக்குப் போகும். அதில் ஒரு கேள்வி உண்டு. இவர் சொன்ன வயதைவிட மூத்தவராகத் தெரிகிறாரா?

அப்போது குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்பார்.

"கன்னியம்மா, பார்த்தால் எவ்வளவு இருக்கும்?"

நான் ஒரு எண் சொல்வேன். பேனா ஓடும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அமைதியான அறையில் பேனா ஓடுவது கேட்கும். இல்லை என்றால் இரண்டு எழுத்து. ஆம் என்றால் மூன்று எழுத்து, பக்கத்தில் என் எண்.

எப்படிப் பார்ப்பேன் என்றால், முகத்தைப் பார்க்கமாட்டேன். புறங்கையைப் பார்ப்பேன். பிறகு கழுத்து மடிப்பு. பிறகு காதில் தோடு தொங்கும் ஓட்டை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று. இந்த மூன்றும் போதும். பள்ளிச் சான்றிதழோடு வருகிறவர்களை வைத்து டாக்டரம்மா என்னைச் சோதித்திருக்கிறார். ஒரு வயசுகூடத் தப்பியதில்லை. பத்தாம் வகுப்பு, பட்டப்படிப்பு படித்தவர்களுக்கெல்லாம் நான் வயசு சொன்னேன். அந்தப் பெருமை என் நடையிலேயே தெரியும் என்று நடைவழியில் காத்திருப்பவர்கள் பேசிக்கொள்வார்கள்.

சான்றிதழோடு வந்தவர்கள் எல்லாம் நிழலில் வளர்ந்தவர்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அணுசக்திக் குடியிருப்பிலிருந்து வருகிற அதிகாரி வீட்டம்மாக்கள், ஆசிரியைகள். அவர்கள் கையை வைத்து நான் கண் பழகியிருந்தேன். அந்தக் கண்ணால்தான் நாற்று நட வருகிறவளையும் கல் தூக்குகிறவளையும் பார்த்தேன். என் அம்மா மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டவள். அவள் கையை நினைத்துப் பார்த்திருந்தாலாவது எனக்குப் புத்தி வந்திருக்கும்.

வேலை முடிந்து போனாலும் அது என்னை விடாது. ரயிலில் எதிரே உட்காருகிறவர் கையைப் பார்த்ததும் எண் வந்து நிற்கும். கோயில் வரிசையில், ரேஷன் வரிசையில், எண் எண்ணாக நிற்பார்கள். முகம் பிறகுதான் தெரியும்.

பூங்காவனம் வந்தது ஒரு பங்குனி மாதம். கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே உப்பளத்தில் வேலை. புருஷன் மின்சாரம் தாக்கிச் செத்திருந்தான். நாலு வயசுப் பெண் குழந்தை ஒன்று, அதை நடைவழிப் பெஞ்சில் தூங்கப் போட்டிருந்தாள். மாமல்லபுரம் போகிற சாலையில், ஊர்ப் பெண்கள் குழு வழியாக வீடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் வீடு பெறுகிறவளின் உயிருக்குக் காப்பீடு இருக்கவேண்டும் என்பது விதி. இல்லையென்றால் உப்பளத்துக் கொட்டகையில்தான் இருப்பு. அவளிடம் வயசுக்குச் சான்று ஏதும் இல்லை. அதனால்தான் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள்.

அரை நாள் விடுப்பில் வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். கணுக்கால் வரை உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. பலகையில் ஏறி நின்றபோது காலண்டரைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள்.

"வயசு இருபத்தெட்டுக்கா. கரெக்டா எழுதிக்கோ" என்றாள்.

கையைப் பார்த்தேன். உப்பு தின்ற கை. தோல் வெடித்து, வெடித்த இடத்தில் வெள்ளைக் கோடு. கழுத்து கறுத்துத் தொங்கியிருந்தது. உப்பின் வெள்ளையில் வெயில் பட்டுத் திரும்பி அடிப்பதால் கண்ணைச் சுற்றிச் சுருக்கம். அவள் திரைக்குப் பின்னால் போனாள். டாக்டரம்மா கேட்டார். நான் யோசிக்கக்கூட இல்லை.

"நாப்பத்தஞ்சும்மா."

பேனா மூன்று எழுத்து எழுதியது. பிறகு எண்.

ஒரு மாதம் கழித்து அவள் கம்பெனிக் கடிதத்தோடு வந்தாள். சொன்ன வயதை ஏற்க முடியாது, நாற்பத்தைந்து என்று வைத்துத்தான் தரமுடியும் என்று எழுதியிருந்தது. அந்த வயசுக்கான விலை அவளால் தொட முடியாதது. இந்தமுறை தன் அம்மாவையும் கூட்டிவந்திருந்தாள். அந்த அம்மா ஒரு அரசுப் பள்ளிக்கூடத்தில் ஆயா. கையில் வேலைப் பதிவேடு, அதில் பிறந்த தேதி இருந்தது. வயசு நாற்பத்து நாலு.

இரண்டு பேரும் மேசைக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அம்மா நிழலில் வேலை பார்த்தவள், எண்ணெய் தடவி வாரிய தலை, நல்ல கறுப்பு. மகள்தான் மூத்தவளாகத் தெரிந்தாள். தெரியாதவர் பார்த்தால் அக்கா தங்கை என்பார்கள், மகளை அக்கா என்பார்கள்.

"எங்கம்மாவ விட நான் ஒரு வயசு பெரியவளாம் டாக்டர். என்னை யாரு பெத்தது, கேட்டுச் சொல்லுங்க" என்றாள் பூங்காவனம்.

அம்மாக்காரிக்கு அடக்க முடியவில்லை, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு அது அழுகையானது.

டாக்டரம்மா பதிவேட்டைப் பார்த்தார். ஆளைப் பார்க்கவில்லை. மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னார்.

"நான் உங்க வயசை எழுதலம்மா. பார்க்க எப்படித் தெரியறீங்கன்னு கேட்டிருந்தாங்க, அதைத்தான் எழுதினேன். அதுல தப்பு இல்ல."

தப்பு இல்லைதான். கேள்விக்குச் சரியான பதில். இன்றுவரை அந்தப் பதிலில் என்னால் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. அந்த எண் என் வாயிலிருந்து வந்தது என்று அப்போது நான் சொல்லியிருக்கலாம். என் கண் தப்பிவிட்டது அம்மா, நீங்களே ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் கண் தப்பாது என்ற பெயரை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. சுவரோரம் நின்றேன். பூங்காவனம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். யார் சொன்ன எண் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வீடு வேறொருத்திக்குப் போனது.

அந்த வருஷம் மழை தொடங்கியதும் எடைக் கருவியின் பலகையில் இரண்டு பாதம் தெரிந்தது. ஈரமாக, விரல் விரலாக. யாரோ குளித்துவிட்டு ஏறி நின்றதுபோல. துடைத்தேன், மறுநாள் வந்தது. சோப்புத் தூள் போட்டுத் தேய்த்து, வெயில் அடித்த ஒருநாள் மொட்டை மாடியில் காயவைத்தேன். அடுத்த மழைக்கு வந்துவிட்டது. உப்பு மரத்துக்குள் இறங்கினால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், அது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் எத்தனையோ பெண்கள் ஏறி இறங்கிய பலகையில், எத்தனை தேய்த்தும் அந்த ஒரு ஜோடிதான் மழைக்கு மழை வந்து நின்றது. அதன்மேல் மற்றவர்களை ஏற்றும்போது, நிற்கிறவர்கள்மேல் இன்னொருத்தரை ஏற்றுவதுபோல் இருக்கும்.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த ஐப்பசியில் பூங்காவனம் வந்தாள். பரிசோதனைக்கு இல்லை. நடைவழி வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றாள். என்ன வேண்டும் என்றேன்.

"ஒண்ணும் வேணாக்கா. இப்போ எவ்ளோ இருக்கும்னு சொல்லு, போய்ட்டே இருக்கேன்."

கையை நீட்டினாள். புறங்கை மேலே. போ போ என்று விரட்டினேன், நகரவில்லை. பார்த்தேன். எண் தானாக வந்து நின்றது.

"நாப்பத்தஞ்சு."

தலையாட்டிவிட்டுப் பேருந்துக்குப் போய்விட்டாள். மறு ஐப்பசி வந்தாள். அதற்கடுத்த ஐப்பசியும். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே கை, எனக்கு வந்த எண்ணும் அதே நாற்பத்தைந்து. எனக்குத் தலை நரைத்தது, டாக்டரம்மாவுக்குக் கண்ணாடி தடித்தது. அவள் முகம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது, உப்பில் போட்டு எடுத்து வைத்ததுபோல.

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கோபமே இல்லை. ஒருமுறை விளையாட்டாகத்தான் சொன்னாள்.

"இன்னும் ஆறு வருசம் கீதுக்கா, நீ சொன்ன எடத்துக்கு வர. நடந்துகினேதான் கீறேன்."

ஐப்பசி பிறந்தால் மழை விட்டாலும் பயம், விடாவிட்டாலும் பயம். ஒரு வருஷம் அவள் வர நாளாகிவிட்டது. எனக்கு நிம்மதி வரவில்லை, தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பதினேழாவது ஐப்பசி. காப்பீட்டு நாள். கம்பெனி அனுப்பிய பெண்ணைக் கூப்பிட நடைவழிக்குப் போனேன். பெஞ்சில் பூங்காவனம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் பூங்காவனம் உட்கார்ந்திருந்தாள்.

ஒரே கை, ஒரே கழுத்து, கண்ணைச் சுற்றி அதே சுருக்கம். முதல் நாள் பலகையில் ஏறி என்னையே பார்த்த அந்த முகம்.

"என் பொண்ணுக்கா. ரேவதி. அன்னிக்கு இந்த பெஞ்சிலதான் தூங்கினா" என்றாள் ஒருத்தி.

வீடு கிடைக்காததால் கொட்டகையிலேயே வளர்ந்தவள். உப்பு வெள்ளையின் வெளிச்சத்தில் அம்மாவுக்குக் கண் மங்க மங்க, பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வேலையில் வந்து நின்றவள். வயசு இருபத்தொன்று. கையில் பள்ளிச் சான்றிதழ் இருந்தது. இப்போது அதே சாலையில் இன்னொரு வீட்டுத் திட்டம், அதே விதி. அம்மாவுக்குப் பதில் மகள் பெயரில் கேட்டிருந்தார்கள்.

உள்ளே கூட்டிப்போனேன். மழைக்கு ஊறி, பலகையில் பாதம் இரண்டும் தெரிந்துகொண்டிருந்தது. நடுவில் நில்லும்மா என்றேன். ஏறினாள். அவள் பாதம் அந்த ஈரத்துக்குள் அப்படியே போய் உட்கார்ந்தது. ஒரு விரல் வெளியே இல்லை. நாடா போட்டேன், மூச்சை விடச் சொன்னேன். விட்டாள். என் கைக்குள் அசைவில்லாமல் நின்ற அந்த உடம்பு பதினேழு வருஷமாக இன்னும் அடுத்த மூச்சை எடுக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

திரைக்குப் பின்னால் போனாள். டாக்டரம்மா கடைசித் தாளை எடுத்தார்.

"கன்னியம்மா, பார்த்தால் எவ்வளவு இருக்கும்?"

எண் வந்து நின்றது. நாக்குவரை வந்தது. சான்றிதழ் இருந்தாலும் அந்தக் கேள்வி கேள்விதான். என் எண் தாளில் ஏறினால், இந்த உடம்பு பிறந்த தேதி சொல்வதைவிட அதிகமாகத் தேய்ந்துவிட்டது என்று கம்பெனி கணக்கு வைக்கும், விலையைக் கூட்டும்.

"நான் சொல்லமாட்டேம்மா" என்றேன்.

பேனா நின்றது. "உடம்புக்கு ஏதாவதா?" என்றார், தாளைப் பார்த்துக்கொண்டே.

"இல்ல. நான் இதுவரைக்கும் வெயிலைப் பார்த்துத்தான் வயசு சொல்லிகினு இருந்திருக்கேன். நீங்களே நிமிர்ந்து பாருங்க."

அந்த அறையில் நான் அப்படிப் பேசியதில்லை. ரேவதி திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒரு மனுஷி முகத்தை அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது.

"உப்பளத்துல எத்தனை வருஷமா?" என்றார்.

"ஆறு வருசமா டாக்டர்."

"கண் எரியுதா?"

"எரியும். பழகிப்போச்சு."

குனிந்து எழுதினார். நான் பேனா ஓடுவதைக் காதுகொடுத்துக் கேட்டேன். இரண்டு எழுத்து. பேனா அதற்குமேல் ஓடவில்லை. அவர்கள் போன பிறகு, "இனிமே அந்தக் கேள்வியை உங்ககிட்ட கேக்கமாட்டேன் கன்னியம்மா" என்றார். நான் வேலையில் இருந்த கடைசி நாள் வரை கேட்கவும் இல்லை. ஒவ்வொரு பெண்ணையும் அவரே நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு ஒரு நாளைக்குப் பார்க்க முடிந்தவர்கள் பாதியாகக் குறைந்தார்கள்.

ரேவதிக்கு அவள் வயசு விலைக்கே காப்பீடு வந்தது, வீடும் வந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் அன்றைக்கு நடைவழியில் நடந்ததைச் சொல்லவேண்டும். மகள் குடையை விரித்துக்கொண்டு முன்னால் இறங்கிவிட்டாள். பூங்காவனம் நின்றாள். இந்தமுறை தன் கையை நீட்டவில்லை. என் கையைப் பிடித்தாள். கண் மங்கியவள், பக்கத்தில் கொண்டுபோய் என் புறங்கையைப் பார்த்தாள். பிறகு என் கழுத்தை. பிறகு விரலால் என் காது ஓட்டையைத் தொட்டாள். ஒன்றன்பின் ஒன்றாக, நான் செய்கிற முறையில், அவசரமே இல்லாமல்.

"எனக்கு இந்த வருசம் நெசமாவே நாப்பத்தஞ்சுக்கா. வந்து சேந்துட்டேன். இனிமே இது எனக்கு வேணாம். பதினேழு வருசம் தூக்கிகினு இருந்தேன். இந்தா, உன்னுது. நீ வச்சுக்கோ."

கையை விட்டாள். விட்ட இடம் பிசுபிசுத்தது. அப்போது எனக்கு அறுபத்தொன்று. அடுத்த ஐப்பசி அவள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

இப்போது படூருக்கு வருகிறேன். அந்தப் பெண் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபோது, முதலில் அது என் முகத்தைப் பிடித்தது என்று சொன்னேன் இல்லையா. எனக்கு எழுபத்து மூன்று முடிந்துவிட்டது. பல் பாதி இல்லை.

"ஆயா, உங்களுக்கு நாப்பத்தஞ்சுன்னு காட்டுது பாருங்க. எப்பவாவது இப்படித் தப்பா வரும். அழிச்சிடறேன்" என்று சிரித்தாள்.

"அழிக்காதம்மா. அது தப்பில்ல. என்னுதுதான்" என்றேன்.

மகனுக்கு வந்த நாற்பத்தாறு யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கைபேசிக்குள்ளே யார் நின்று சொல்கிறார்கள் என்றும் தெரியவில்லை. ஒருவர் அவனை நிமிர்ந்து பார்க்கும்வரை அவன் அதைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கவேண்டும்.